கேரளாவுல ஸ்பீடு சலான்: வண்டி மாமனாரு பேருல, ஓட்டுனது நானுங்க

பெருந்துறைக்காரன் | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதுதான் மொதத் தடவை.

போன மாசம் மாமனாருக்கு முட்டி வலிக்கு வைத்தியம் பாக்கக் கோட்டக்கல் போனமுங்க. வண்டி அவருது, ஆர்.சி.யும் அவரு பேருலதான். ஓட்டுனது நானு. வெடியால அஞ்சு மணிக்கே பொறப்பட்டும் நீலாம்பூர் பைபாஸ்ல லாரிக்குப் பொறத்தாலயே உருட்டிக்கிட்டுப் போனதுல நேரம் ஓடிப்போச்சு. பத்து மணிக்கு டோக்கன். கேரளா எல்லை வாளையாறு தாண்டுனதும் நாலு லேன் ரோடு, காலியா வேற இருந்துச்சு. கொஞ்சம் வெசையாத்தான் போனேன், இல்லீங்கல. மீட்டர்ல 110 பாத்த ஞாபகம்.

நேத்து விருந்துக்குப் போனப்ப மாமனாரு போனக் கையில குடுத்து, "மாப்ள, இந்தக் கரண்டு பில்லக் கட்டிக் குடுங்க"ன்னாரு. மெசேஜத் தள்ளிக்கிட்டே போனா மூணு வாரத்துக்கு முன்னால வந்த சலான் ஒண்ணு கெடக்குது. எங்க டி.என். 56 நம்பரேதான். கேரளா, ஓவர் ஸ்பீடு, 1500 ரூவா. கேட்டா, "அட அதெல்லாம் ஏமாத்துக்காரன் வேலைங்க மாப்ள, பக்கத்துத் தோட்டத்துக்காரரு இப்புடி ஒண்ணத் தொட்டுத்தான் அறுவதாயிரம் போச்சு"ன்னுட்டாரு.

இது நெசமா பொய்யான்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது? நெசமா இருந்தா பாலக்காட்டுக் கோர்ட்டுக்கு நடக்கோணுமா? இன்னொண்ணு, மாமனாருக்குத் தெரியாம நானே கமுக்கமாக் கட்டீர வழி இருக்குதுங்களா? நல்ல மனுசன்தான். ஆனா அந்த வண்டியில ஒரு கீறல் உழுந்தாலே மூணு பொங்கலுக்குப் பேசுவாரு.


எல்லோ போர்டு | திங்கள், இரவு 9.31

ஏனுங்க தம்பி, மொதல்ல மெசேஜ்ல இருக்கற லிங்க்கத் தொட்டுப்போடாதீங்க. உங்க மாமனாரு பயந்ததுல தப்பே இல்ல. வாட்ஸ்அப்புல சலான்னு சொல்லி ஒரு ஆப்ப எறக்கச் சொல்லுவானுங்க, பேரு ஏ.பி.கே.ன்னு முடியும். அதப் போட்டா உங்க போனுக்கு வர்ற ஓ.டி.பி. பூராவும் அவனுக்குப் போயிரும்.

நீங்களா பிரவுசரத் தொறந்து மத்திய அரசோட பரிவாகன் இ-சலான் பக்கத்துக்குப் போங்க. முகவரி 'கவ் டாட் இன்'ல முடியோணும். அதுக்கு மேல ஒரு வால் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஓடியாந்துருங்க. சலான் நம்பர், வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர் எதப் போட்டு வேணாத் தேடலாம். வண்டி நம்பர்னா எஞ்சின் நம்பரோ சேசிஸ் நம்பரோ கடைசி அஞ்சு எழுத்துக் கேக்கும், ஆர்.சி.யப் பாத்துப் போட்டுக்கோங்க. படம் இருந்தாப் படத்தையும் பாருங்க.

நம்மளுது மூணு டாக்ஸி கோயமுத்தூர்ல ஓடுது. மொதத் தேதி ஆனா மூணு நம்பரையும் போட்டுப் பாத்துப்போடுவேன். சலான் நின்னா எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) போறப்பத்தான் கழுத்தப் புடிக்கும்.


சட்டம் பேசுவேன் | திங்கள், இரவு 10.02

மூணு வாரம் ஆச்சுன்னா செல்லாது ப்ரோ. 15 நாளைக்குள்ள நோட்டீஸ் வரணும்னு ரூல் இருக்கு. ஒரு பைசா கட்டாதீங்க. வேற ஸ்டேட் போலீஸ் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது.


சங்ககிரி லாரி | திங்கள், இரவு 10.15

ஒண்ணும் பண்ண முடியாதா? சாமி, நீங்க ஒரு தடவ வண்டிய வித்துப் பாருங்க. வண்டிப் பதிவெல்லாம் இருக்கற வாகன் கம்ப்யூட்டர்ல செவப்பு உழுந்துருச்சுன்னா பேரு மாத்த முடியாது, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) குடுக்க மாட்டான். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி நோட்டு வச்சிருந்த காலமெல்லாம் போயிருச்சு.


கோர்ட்டு வீதி | செவ்வாய், காலை 7.05

கோவையில் வக்கீலாக இருக்கிறேன். மோட்டார் வழக்குகள்தான் பெரும்பாலும். நண்பர் சொன்ன 15 நாள் கணக்கு இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பிடித்திருப்பது வாலில்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியை 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். கேமரா வைத்துப் பிடிப்பதற்கென்றே உள்ள விதி. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குத்தான் 15 நாள், நீங்கள் படிப்பதற்கு இல்லை. மெசேஜ் வந்தே மூன்று வாரம் ஆயிற்று என்றுதானே தம்பி எழுதியிருக்கிறார்? பயணத் தேதிக்கும் மெசேஜ் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். மாமனார் போனில் அது தூங்கிய நாட்களெல்லாம் கணக்கில் வராது.

அடுத்து தொகை. வேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 183-வது பிரிவு. 2019 செப்டம்பர் 1 முதல் கார் போன்ற இலகு வண்டிக்கு 1000 முதல் 2000 வரை, நடுத்தர, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000 வரை. கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ள இணக்கக் கட்டணம் என்று ஒன்றை ஒவ்வொரு மாநில அரசும் 200-வது பிரிவின்படி அறிவித்துக்கொள்ளலாம். கேரளாவில் காருக்கு 1500, நம் ஊரில் 1000. ஒரே சட்டம்தான், எல்லைக் கல்லைத் தாண்டினால் விலை மாறுகிறது.

பாலக்காட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. கட்டாமல் விட்டால் நாள் கடந்து விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போகும். அங்கேயும் நீதிபதி சொன்ன அபராதத்தை ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்தே கட்டலாம். ஆனால் அந்தத் தொகை பழைய 1500-ஆகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 'எதிர்த்து வழக்காடுகிறேன்' என்பதை அழுத்தினால் மட்டும் கேஸ் அந்த ஊர்க் கோர்ட்டுக்கு மாறும். அப்புறம் அங்கே ஒரு வக்கீல், வாய்தா, பெட்ரோல். படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லை என்றால் அந்த வழியில் போகலாம். மற்றபடி 1500 ரூபாய்க்கு என் கட்சிக்காரர் யாரையும் நான் அனுப்பமாட்டேன்.


சட்டம் பேசுவேன் | செவ்வாய், காலை 8.20

சார், அப்ப பலகை இல்லைன்னா கேஸ் நிக்காதுல்ல?


கோர்ட்டு வீதி | செவ்வாய், காலை 8.44

வாதாடலாம். அன்றைக்கு அந்த இடத்தில் பலகை இல்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். 117-ல் போனவர் பலகையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நீதிபதி என்ன நினைப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். உங்களுக்கு உதவுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன்: வண்டி வேகமாகப் போனது என்று ஒரே ஒரு ஆள் கண்ணால் பார்த்துச் சொன்னதை மட்டும் வைத்து 183-ல் தண்டிக்க முடியாது. கருவி அளந்த கணக்கு இருக்க வேண்டும். வழியில் நிறுத்தி "வேகமா வந்தீங்க" என்று சொன்னால் ரீடிங்கைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாகவே.

(117 என்று நானாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டேன், தம்பி இன்னும் பார்க்கவே இல்லை. தொழில் புத்தி.)


பெருந்துறைக்காரன் | செவ்வாய், இரவு 9.50

வக்கீலண்ணா, உங்க வாயில என்ன இருக்குதுங்க? பாத்துட்டேன். அச்சுக் கொறையாம 117-ங்க! எல்லை 100-ன்னு போட்டிருக்குது.

நெசமான சலானுதான். போனது 3-ந் தேதி, மெசேஜ் வந்தது 11-ந் தேதி. எட்டே நாளு. அந்த வழியும் அடைஞ்சு போச்சு. படத்துல வண்டி மூஞ்சி தெளிவாத் தெரியுது, முன்னால கட்டியிருந்த எலுமிச்சம்பழங்கூடத் தெரியுது.

ஆனா ஒரு சந்தேகமுங்க. மீட்டர்ல 110 தானுங்க பாத்தேன். 117 எப்புடி வந்துச்சு? கருவி தப்பா இருக்குமுங்களா?


பீளமேடு லேத்து | செவ்வாய், இரவு 10.25

தம்பி, அளவு பாக்கறதுதான் நம்ம தொழில், அதனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வண்டியில இருக்கற ஸ்பீடோ மீட்டரு எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கொறைச்சுக் காட்டவே கூடாதுன்னு வச்சுத்தான் கம்பெனிக்காரன் செட் பண்றான். டயரு தேஞ்சிருந்தா இன்னும் கூடக் காட்டும், சின்னச் சக்கரம் அதிகமாச் சுத்தும் பாருங்க. போன்ல ஜி.பி.எஸ். போட்டுக்கிட்டு ஓட்டிப் பாருங்க, மீட்டரு 100-ன்னா போனு 95, 96-ன்னுதான் சொல்லும்.

அப்பக் கேமராவுல 117-ன்னா மீட்டர்ல 120 தாண்டியிருக்கோணும். நீங்க 110 பாத்தது நெசந்தான். 120 போனப்ப மீட்டரப் பாத்திருக்க மாட்டீங்க, அவ்வளவுதான்.

டயரு பெருசா மாத்திப் போட்டிருந்தா மட்டும் கதை வேற. சில பசங்க அழகுக்குன்னு ரெண்டு சைஸ் ஏத்திப் போடறானுங்க. அப்ப மீட்டரு கம்மியாக் காட்டும், கேமராவுல மாட்டும். மாமனாரு வண்டியில அப்புடி இருக்காதுன்னு நெனைக்கறேன்.


பெருந்துறைக்காரன் | செவ்வாய், இரவு 10.31

டயர் கடையில வால்வு மூடி மாத்துனாலே பக்கத்துல நின்னு பாக்கற ஆளுங்க அவரு. இல்லீங்க.


சங்ககிரி லாரி | புதன், காலை 6.10

தமிழ்நாட்டு வண்டின்னாப் பாத்துப் புடிக்கறான்னு யாராச்சும் இன்னிக்குள்ள வந்து எழுதுவாங்க, அதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். செக்போஸ்ட்டுல ஆளு நின்னு கை காட்டுன காலத்துல அது நெசம், நானே பட்டிருக்கேன். கேமராவுக்கு டி.என்.னு தெரியாது, கே.எல்.னும் தெரியாது.

எங்களுக்கெல்லாம் வேகம் பெரிய பிரச்சினையே இல்ல. லாரிக்கு 80-ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்குது. ஆனா மாட்டுனா கேரளாவுல 3000. டிரைவரு பேட்டாவுல புடிக்கறதா ஓனரு கட்டறதான்னு ஒவ்வொரு டிரிப்பும் பஞ்சாயத்து. நான் பாதி பாதி. அவன் வெசையாப் போனதுக்குக் காரணம் நான் குடுத்த டயமுந்தானே.

வழியில புடிச்சாங்கன்னா ரசீது இல்லாம காசு குடுக்காதீங்க. மிசின்ல சலான் போடச் சொல்லுங்க. லைசென்ஸ வாங்கி வச்சாங்கன்னா அதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தே ஆகோணும். டிஜிலாக்கர்ல இருக்கறதக் காட்டுனாலே போதும்னு 2020 அக்டோபர்லயே விதி மாத்திட்டாங்க. அசல எடுத்து நீட்டறதையே நான் வுட்டுட்டேன்.


கொழிஞ்சாம்பாறை | புதன், காலை 9.15

நம்மூரு கேரளாவுல இருக்கற தமிழ் ஊருங்க, சித்தூர் தாலூக்கா. வாரத்துல மூணு நாளு கோயமுத்தூரு வந்து போறவன். உங்க ஊர்க்காரங்க எங்க பக்கம் வந்து மாட்டற விதத்தத் தினமும் பாக்கறேன், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

வேக எல்லை 2023 ஜூலை 1-லிருந்து மாறியிருக்குது. காருக்கு ஆறு லேன் தேசிய நெடுஞ்சாலையில 110, நாலு லேன்ல 100, மத்த தேசிய நெடுஞ்சாலையில 90, மாநில நெடுஞ்சாலை, பெரிய மாவட்ட ரோடுகள்ல 80, மத்த ரோட்டுல 70, டவுனுக்குள்ள 50. பைக்குக்கு அதே நாள்ல 70-லிருந்து 60-ஆக் கொறைச்சுட்டாங்க. இது யாருக்குமே தெரியறதில்ல, பொள்ளாச்சிப் பசங்க நெல்லியாம்பதிக்குப் பறந்துக்கிட்டுப் போவாங்க. இது பொது அளவுதான். பள்ளிக்கூடம், வளைவு, வேலை நடக்கற இடத்துல பலகையில கம்மியாப் போட்டிருந்தா அதுதான் கணக்கு.

நீங்க பாலக்காடு தாண்டி மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை வழியா கோட்டக்கல் போயிருப்பீங்க. பாலக்காட்டுல நாலு லேன் முடிஞ்சுபோயிருது. அதுக்கப்புறம் 90 தான், அதுவும் கடைவீதி வந்தா 50. கோயமுத்தூர்க்காரங்க நாலு லேன் மெதப்புலயே அங்கயும் போவாங்க.

அடுத்தது கேமரா. 2023 ஜூன் 5-லிருந்து அபராதம் போட ஆரம்பிச்ச 726 கேமராவப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லாரும் அதெல்லாம் வேகத்துக்குன்னு நெனைக்கறாங்க. இல்லீங்க. அதுல 675 ஏ.ஐ. கேமரா ஹெல்மெட்டு, சீட் பெல்ட்டு, ஓட்டறப்ப போனு பேசறது, பைக்குல மூணு பேரு, இதையெல்லாம் பாக்கறது. வேகத்துக்குன்னு அந்தத் திட்டத்துல நிக்கறது நாலு, வண்டியில வச்சுக் கொண்டுபோறது நாலு. பாக்கி பார்க்கிங்குக்கும் சிக்னலுக்கும். அதுக்கு முன்னாலயே ஹைவேயில வச்ச வேகக் கேமரா தனி.

அதனால தம்பி, ஒண்ணு கேக்கறேன். வேகம் புடிக்கறது ஒரு கேமரா, பெல்ட்டு புடிக்கறது இன்னொரு கேமரா. சலானு ஒண்ணுதானா வந்திருக்குது? சலான் நம்பரப் போட்டுப் பாத்தா அந்த ஒண்ணு மட்டுந்தான் காட்டும். வண்டி நம்பரப் போட்டுப் பாத்தீங்களா?


பொள்ளாச்சி தேங்கா | புதன், காலை 11.40

நம்ம கதை வேற மாதிரி. பழைய ஸ்கூட்டர வித்து ரெண்டு வருசம் ஆச்சு, வாங்குனவன் பேரு மாத்தவே இல்ல. அவன் ஹெல்மெட்டு இல்லாம போறதுக்கெல்லாம் எனக்கு மெசேஜு. படத்துல பாத்தா பொறத்தால கோழிக் கூண்டு வேற. வித்தவங்க 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தறோணுமாம், வெளி மாநிலத்துக்காரனுக்கு வித்தா 45 நாளு. எனக்கு அது அப்பத் தெரியாது. புத்தகத்தக் கையில குடுத்தாப் போதும்னு இருந்துட்டேன்.

இன்னொரு தடவ, நான் சந்தையில நிக்கறேன், என்ற ஜீப்பு வேற மாநிலத்துல சிக்னல் தாண்டுச்சுன்னு சலானு. படத்தப் பெருசாக்கிப் பாத்தா அது வெள்ளைக் காரு, நம்பர்ல 3-ஐ 8-ன்னு படிச்சிருக்குது கம்ப்யூட்டரு. இ-சலான் பக்கத்துலயே புகார்னு ஒரு எடம் இருக்குது. ஆர்.சி., ஜீப்பு போட்டோ, சலான் படம் மூணையும் ஏத்துனேன். ஒன்றரை மாசம் ஆச்சு, ஆனா எடுத்துட்டாங்க. கட்டியிருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்.

தேங்கா வெலையப் பத்திக் கேட்டவங்களுக்கு: வேற இழையில எழுதியிருக்கேன்.


எல்லோ போர்டு | புதன், மதியம் 1.05

மெசேஜே வராதவங்களுக்கும் ஒண்ணு. வண்டி வாங்குனப்ப ஷோரூம்காரன் அவன் நம்பரப் போட்டு வச்சிருப்பான். சலானெல்லாம் அவனுக்குப் போகும், அவன் எதுக்குச் சொல்றான்? பரிவாகன்ல சேசிஸ் நம்பர் போட்டு நம்ம செல் நம்பர மாத்திக்கலாம்.


நீலாம்பூர் | புதன், மதியம் 2.30

பைபாஸ்னு சொன்னீங்களே, அது பைபாஸா? நீலாம்பூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் ரெண்டே லேனு, நடுவுல ஒரு தடுப்புக் கெடையாது. அங்க நொந்து நூலாகி வர்றவன் வாளையாறு தாண்டுனதும் மிதிக்காம என்ன பண்ணுவான்? உண்மையில சலான் யாருக்குப் போடோணும்னா


மட்டுறுத்துனர் | புதன், மதியம் 3.15

பைபாஸ் பேச்சு 41 பதிவு ஓடினதால் தனி இழையாகப் பிரித்திருக்கிறோம். அங்கே தொடருங்கள். இங்கே சலான் மட்டும்.


பெருந்துறைக்காரன் | புதன், இரவு 9.05

கொழிஞ்சாம்பாறை அண்ணா, நீங்க சொன்ன மாதிரி வண்டி நம்பரப் போட்டுப் பாத்தனுங்க.

ரெண்டு சலானு.

ரெண்டாவது அதே நாளு, ஒரு மணி நேரம் கழிச்சு. சீட் பெல்ட்டு, 500 ரூவா. நான் போட்டிருக்கேன், குறுக்கால பட்டை தெரியுது. பக்கத்து சீட்டுல மாமனாரு வெள்ளச் சட்டையில கையக் கட்டிக்கிட்டு நேராக் கேமராவப் பாத்தபடி உக்காந்திருக்கறாரு. பெல்ட்டு இல்ல. போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாக்கூட அவரு அவ்வளவு அம்சமா உக்கார மாட்டாருங்க.

ஏறறப்பவே சொன்னனுங்க. "முட்டிதான் வலிக்குது மாப்ள, நெஞ்சு வலிக்கலயே, எதுக்கு அதப் போட்டு அமுக்கோணும்"ன்னாரு. மாமனாரப் போட்டு எத்தன தடவ சொல்றதுங்க?

இப்ப என்ன பண்றது? என்ற சலான மட்டும் கட்டீட்டு இத வுட்டறலாமா?


திருப்பூர் அம்மணி | புதன், இரவு 9.22

சிரிச்சு முடியலீங்க. எங்க பையன் வந்து என்னாச்சும்மான்னு கேக்கறான்.

வுடாதீங்க தம்பி. அதுவும் அந்த வண்டி மேலதான் நிக்கும், நாளைக்கு விக்கறப்போ எடுத்துக் காட்டும். ரெண்டையும் கட்டீருங்க.

நானும் ஒண்ணு வாங்கியிருக்கேன், கர்நாடகாவுல. பையர் (துணி வாங்கற கம்பெனி) ஆபீஸ் வேலையா பெங்களூரு போயிட்டு, அப்புடியே மைசூருக்கு எக்ஸ்பிரஸ்வேயில போனேன். எல்லை 100, நான் 109. ஒன்பது கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூவா. கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் படிச்சுப் பாத்தா அந்த ரோட்டுல 2023 ஆகஸ்ட்லயே பைக்கு, ஆட்டோ, டிராக்டர் எதுவும் மெயின் லேன்ல வரக்கூடாதுன்னு நிறுத்தியிருக்காங்க, அவ்வளவு விபத்து. 2024 ஆகஸ்ட் 1-லிருந்து 130-க்கு மேல போனா சலானெல்லாம் இல்ல, நேரா எஃப்.ஐ.ஆர்.னு அறிவிச்சாங்க. நம்மூருப் பசங்க மைசூரு தசராவுக்குப் போறப்ப இத ஞாபகம் வச்சுக்கோங்க. 1500, 2000-ன்னு முடியற கதை இல்ல.

இன்னொண்ணு: கர்நாடகா சலான் எல்லாமே பரிவாகன் பக்கத்துல வந்துரும்னு நம்பாதீங்க. எனக்கு அங்க காட்டவே இல்ல, கர்நாடகா ஒன் தளத்துலதான் இருந்துச்சு. தெலங்கானாவுக்கும் தனிப் பக்கம் இருக்குது. போன மாநிலத்தோட பக்கத்தையும் ஒருக்காத் தொறந்து பாத்துருங்க. 2023 பிப்ரவரியில கர்நாடகாவுல பழைய போக்குவரத்து அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி குடுத்தாங்க, ஜனங்க வரிசை கட்டி நின்னாங்க. அத நம்பிக்கிட்டுக் கட்டாம இருக்கறவங்களும் இருக்காங்க, எங்க மச்சாண்டாரு மாதிரி.


கோர்ட்டு வீதி | புதன், இரவு 10.10

ஒரு விளக்கம். சலான் ஆர்.சி. உரிமையாளர் பேரில் வரும். ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும், அது 133-வது பிரிவு. வேகத்துக்கு இரண்டாவது தடவை மாட்டினால் லைசென்ஸையே எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறது. அதனால் பெரிய இடத்துப் பிள்ளை ஓட்டிவிட்டு டிரைவர் பேரைச் சொல்லுகிற வழக்கமெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே படமே சாட்சி சொல்கிறது.

சீட் பெல்ட் 194பி. சட்டத்தில் 1000, கேரளாவில் 500-க்குத் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டும் தனித்தனிக் குற்றம், ஒன்றைக் கட்டினால் மற்றது போகாது. கோர்ட்டுக்கு மாறுவதற்குள் கட்டிவிடுங்கள். மாறிவிட்டால் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் கேரளாவுக்குப் போக்குவரத்துத் துறை, காவல் துறை என்று இரண்டு தலைப்பு இருக்கும். ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் தேடுங்கள். பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "கேஸே இல்லை" என்று வந்துவிடுகிறார்கள்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் பிரிவு இல்லை.


சங்ககிரி லாரி | புதன், இரவு 10.40

எதுக்குச் சொல்லோணும்? 2000-த்தக் கட்டு, மெசேஜ அழி, மறந்துரு. மாமனாரு மருமகன் சமாச்சாரம் லாரி பிரேக்கு மாதிரி. அழுத்தி அழுத்திப் பாக்கக் கூடாது.


பெருந்துறைக்காரன் | வியாழன், இரவு 8.15

லாரியண்ணன் சொன்ன மாதிரித்தான் பண்ணலாம்னு பாத்தனுங்க. மத்தியானம் கடையில உக்காந்து ரெண்டையும் தேர்ந்தெடுத்துக் கட்டப் போனா, ஓ.டி.பி. அனுப்பியாச்சுங்குது. எனக்கு வரல. கடைசி நாலு நம்பரப் பாத்தா மாமனாரு நம்பரு.

ரெண்டே நிமிசத்துல போனு. "மாப்ள, இங்க ஏதோ ஓ.டி.பி.ன்னு வந்திருக்குதுங்க, எவனோ கொள்ளையடிக்கப் பாக்கறான், நான் பேங்குக்குப் போன் பண்ணிக் கார்ட நிறுத்தச் சொல்லப் போறேன்"ங்கறாரு. "ஐயோ மாமா, நிறுத்தாதீங்க, சாயந்தரம் ஊட்டுக்கே வர்றோம்"னு சொல்லி வச்சுட்டேன்.

இப்பக் கெளம்பிக்கிட்டு இருக்கறோம். எங்கூட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு. படத்தப் பாத்துட்டு, "எங்கப்பாவுக்கு இத விட நல்ல போட்டோ எங்ககிட்ட இல்ல, பிரேம் போடலாம்"ங்கறா.


திருப்பூர் அம்மணி | வியாழன், இரவு 8.20

ஊட்டுக்காரிய வுட்டே காட்டச் சொல்லுங்க. மக சொன்னா அப்பன் கேப்பாரு. நீங்க கொல்லைப்பக்கம் போய் மாட்டப் பாத்துக்கிட்டு நில்லுங்க.


எல்லோ போர்டு | வெள்ளி, காலை 7.30

என்னாச்சுங்க தம்பி? நேத்து ராத்திரி ரெண்டு தடவ வந்து பாத்தேன்.


பெருந்துறைக்காரன் | வெள்ளி, காலை 10.45

மன்னிக்கோணுமுங்க, வர்றதுக்கே பத்தரை ஆயிப்போச்சு, அப்புடியே படுத்துட்டோம்.

மொதல்ல வேகச் சலானக் காட்டுனா. மாமனாரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் பேசுனாருங்க. 117-ன்னா என்ன, வண்டிக்கு என்ன வயசு, அவரு அந்த வண்டிய 80-க்கு மேல ஒரு நாளும் மிதிச்சதில்ல, அவரு அப்பாரு காலத்துல மாட்டு வண்டியில வாளையாறு போனது. நான் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு ஆமாங்க மாமா, ஆமாங்க மாமான்னுட்டு இருந்தேன். மாமியா காப்பி கொண்டாந்து வச்சாங்க, அது ஆறியே போச்சு.

பேசி முடிச்சுத் தண்ணி குடிச்சாரு. அப்பத்தான் எங்கூட்டுக்காரி ரெண்டாவதக் காட்டுனா.

போன வாங்கி, தள்ளி வச்சுப் பாத்தாரு, கிட்ட வச்சுப் பாத்தாரு. படத்தப் பெருசாக்கத் தெரியாது, மாமியாதான் ஆக்கிக் காட்டுனாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் மாமியாளப் பாத்து, "அந்தச் சட்டை கசங்கியிருக்குது பாரு, இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னனா இல்லையா"ன்னாரு.

ஓ.டி.பி.ய அவரே படிச்சுச் சொன்னாருங்க. நான் 2000-த்தையும் கட்டுனேன், ரசீது வந்துருச்சு, ரெண்டு சலானும் முடிஞ்சதுன்னு காட்டுது. கெளம்பறப்ப ஒரு அஞ்சு நூறு நோட்ட எடுத்து என்ற சட்டப் பாக்கெட்டுல திணிச்சாரு. வேண்டாங்க மாமான்னேன். "உம்முது ஆயிரத்தைநூறு, என்றது ஐநூறு"ன்னாரு, அவ்வளவுதான்.

அடுத்த மாசம் மறுக்கா கோட்டக்கல் போகோணும். இந்தத் தடவ டோக்கன் பதினோரு மணிக்குக் கேட்டிருக்கேன்.


கொழிஞ்சாம்பாறை | வெள்ளி, காலை 11.20

வர்றப்ப சொல்லுங்க தம்பி, கொழிஞ்சாம்பாறையில எறங்கி ஒரு காப்பி குடிச்சுட்டுப் போலாம். பெரியவரு முன் சீட்டா, பின் சீட்டா?


பெருந்துறைக்காரன் | வெள்ளி, காலை 11.26

முன் சீட்டுதானுங்க. பெல்ட்டு போட்டுப் பழகறேன்னு காலையில இருந்து கார் ஷெட்டுல உக்காந்திருக்கறதா மாமியா போன் பண்ணிச் சொன்னாங்க.